தம்பி சூட்டிய முடிகள்: ஜோசப் போனபார்ட்டின் ஆட்சி வரலாறு

முன்னுரை

ஐரோப்பிய வரலாற்றில் நெப்போலியன் பெறும் இடம் பெரிது. அவருடைய தமையன் ஜோசப் போனபார்ட் அவ்வரலாற்றில் ஒரு துணைப் பெயராகவே நின்றுவிடுகிறார். இவர் 1806 முதல் 1808 வரை நேப்பிள்ஸ் நாட்டிலும், 1808 முதல் 1813 வரை ஸ்பெயினிலும் மன்னராக இருந்தார். அவ்விரு நாடுகளிலும் இவர் பிறந்தவரல்லர். மரபுரிமையால் அரசுக் கட்டில் ஏறியவருமல்லர். இரு முடிகளையும் இவருக்குச் சூட்டியவர் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் இளையவரான தம்பி.

ஜோசப்பைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்கி வருகின்றன. குடியில் மூழ்கிய பொம்மை அரசர் என்பது ஒன்று. போர்க்காலத்து ஸ்பானியத் துண்டறிக்கைகளும் கேலிச் சித்திரங்களும் பரப்பிய கருத்து இது. நல்லெண்ணம் இருந்தும் உறுதியற்றவராக இருந்ததால் தோற்றவர் என்பது மற்றொன்று. இரண்டுமே அவருடைய தோல்விக்கான காரணத்தை அவருடைய பண்பில் தேடுகின்றன. அவருடைய அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதிலேயே அதற்கான விடை உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். ஒரே மன்னர், ஏறத்தாழ ஒரே வகைச் சீர்திருத்தங்களை இரு நாடுகளில் மேற்கொண்டார். ஒரு நாட்டில் அவை அவருக்குப் பின்னும் நிலைத்தன. மற்றொன்றில் அவருடனேயே வெளியேறின. இவ்வேறுபாட்டை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஜோசப் 1768ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் கார்சிகாத் தீவின் கோர்ட்டே நகரில் பிறந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் ஜெனோவாக் குடியரசு அத்தீவைப் பிரான்சுக்கு ஒப்படைத்தது. எனவே பிறக்கும்போது அவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். ஜுசெப்பே புவொனபார்த்தே என்னும் இத்தாலியப் பெயரே அவருக்கு இடப்பட்டது. ஒத்தூன் நகரில் பயின்ற அவரைச் சமயப் பணிக்கு அனுப்பவே குடும்பத்தார் முதலில் எண்ணியிருந்தனர். 1785இல் தந்தை கார்லோ இறந்தபின், மூத்த மகன் என்ற முறையில் குடும்பப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பின்னர் இத்தாலியின் பீசா நகரில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1793இல் கார்சிகாவின் அரசியல் பூசலால் குடும்பம் முழுவதும் தீவைவிட்டு வெளியேறிப் பிரான்சில் அடைக்கலம் புகுந்தது. மறு ஆண்டு மார்செய் நகரத்துச் செல்வ வணிகர் குடும்பத்தைச் சேர்ந்த ஜூலி கிளாரியை ஜோசப் மணந்தார். தமையன் என்ற முறையில் குடும்பத்தில் அவருக்கிருந்த மதிப்பு, தம்பியின் போர் வெற்றிகள் பெருகப் பெருகத் தேய்ந்தது. தம்பியின் புகழே தமையனுக்குப் பதவி தரும் நிலை உருவாயிற்று.

உடன்படிக்கைகளின் காலம்

ஜோசப்பின் திறமை போர்க்களத்தைவிடப் பேச்சுவார்த்தை மேசையிலேயே வெளிப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் பிரான்சு கொண்டிருந்த பூசலை முடித்த உடன்படிக்கை, 1800ஆம் ஆண்டு அவருக்குச் சொந்தமான மோர்ட்ஃபொன்டேன் மாளிகையில் கையெழுத்தாயிற்று. ஆஸ்திரியாவுடன் 1801இல் ஏற்பட்ட லூனெவில் உடன்படிக்கை, அதே ஆண்டு திருத்தந்தையுடன் ஏற்பட்ட சமய ஒப்பந்தம், பிரித்தானியாவுடன் 1802இல் ஏற்பட்ட அமியேன் உடன்படிக்கை ஆகிய மூன்றிலும் பிரான்சின் சார்பில் ஒப்பமிட்டவர்களுள் அவர் ஒருவர். இணங்கிப் பேசி இசைவு பெறும் இப்பண்பையே பின்னாளில் நெப்போலியன் மென்மை எனப் பழித்தார்.

1804இல் நெப்போலியன் பேரரசரானபின், இத்தாலிய முடியைத் தமையனுக்குத் தர முன்வந்தார். அதை ஏற்றால் பிரான்சின் வாரிசுரிமையைத் துறக்க நேரும் என்பதால் ஜோசப் மறுத்தார். 1805 மே மாதத்தில் நெப்போலியனே மிலான் நகரில் அம்முடியைச் சூடிக்கொண்டார். தம்பி தரும் முடியை ஏற்பதும் மறுப்பதும் தம் விருப்பம் என ஜோசப் எண்ணியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அந்நிலை மாறியது.

நேப்பிள்ஸ்: வேரூன்றிய சீர்திருத்தம்

நேப்பிள்ஸ் மன்னர் நான்காம் பெர்டினான்ட் 1805இல் நெப்போலியனின் பகைவர்களுடன் சேர்ந்தார். அதனால் பிரெஞ்சுப் படை தெற்கு நோக்கி நகர்ந்தது. பெர்டினான்ட் சிசிலித் தீவுக்குத் தப்பிச்சென்று பிரித்தானியக் கப்பற்படையின் காவலில் இருந்தார். 1806 பிப்ரவரி 15ஆம் நாள் ஜோசப் நேப்பிள்ஸ் நகருக்குள் நுழைந்தார். மார்ச் 30ஆம் நாள் வெளியான பேரரசின் ஆணையொன்று அவரை அந்நாட்டு மன்னர் என அறிவித்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் நிலமானிய முறையை ஒழித்தது. நிலக்கிழார்கள் தத்தம் எல்லைக்குள் வழக்கு விசாரித்துத் தண்டனை வழங்கும் உரிமையை இழந்தனர். பல்வேறு பழைய வரிகளுக்கு மாற்றாக நிலவரி ஒன்று கொண்டுவரப்பட்டது. 1807இல் துறவு மடங்கள் பல மூடப்பட்டு, அவற்றின் சொத்துகள் அரசின் கடனைத் தீர்க்கப் பயன்படுத்தப்பட்டன. வழிவழியாக வந்த நில வழக்குகளைத் தீர்க்க ஒரு தனி ஆணையமும் அமைந்தது.

எனினும் இவ்வாட்சி அமைதியானதன்று. 1806 சூலை 4ஆம் நாள் மைதா என்னுமிடத்தில் பிரித்தானியப் படை பிரெஞ்சுப் படையை வென்றதும் கலாப்ரியா மாநிலம் கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியை அடக்கச் சென்ற மசேனாவின் படை லௌரியா ஊரைக் கொள்ளையிட்டு மக்களைக் கொன்றது. ஜோசப் மக்களின் அன்பைப் பெற விழைந்தபோது, நெப்போலியன் மடல்மேல் மடலெழுதிக் கண்டித்தார். நேப்பிள்ஸ் மக்கள் ஒருமுறை கலகம் செய்தாலன்றி, அதை ஒடுக்கி எடுத்துக்காட்டாக்கினாலன்றி, தமையன் அந்நாட்டின் தலைவராக முடியாது என்பது அவர் கருத்து. அன்பால் ஆள்வது, அச்சத்தால் ஆள்வது என்னும் இருவேறு கொள்கைகள் ஒரே அரியணைக்குப் பின்னால் மோதிக்கொண்டதை இம்மடல்கள் காட்டுகின்றன.

இருப்பினும் நேப்பிள்ஸ் சீர்திருத்தங்கள் நிலைத்தன. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நிலக்கிழார்களின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்னும் கருத்து அந்நாட்டுச் சட்ட அறிஞரிடையே முன்னரே வேரூன்றியிருந்தது. இரண்டாவது, 1799இல் அங்குத் தோன்றிய குடியரசை வீழ்த்திய பெர்டினான்ட், அதில் பங்குகொண்ட அறிஞர் பலரைத் தூக்கிலிட்டார். அவரிடமிருந்து தப்பி வேற்றூர்களில் வாழ்ந்த வின்சென்சோ குவோக்கோ போன்றோர் ஜோசப்பின் ஆட்சியில் திரும்பிவந்து பணியாற்றினர். சொந்த மன்னரின் கொடுமையைக் கண்டவர்களுக்கு அயல் மன்னர் பகைவராகத் தோன்றவில்லை. மூன்றாவது, ஜோசப்புக்குப் பின் அரியணை ஏறிய அவருடைய தங்கை கணவர் முரா, 1815 வரை அதே வழியில் ஆட்சி நடத்தினார். அவ்வாண்டு மீண்டும் அரியணை ஏறிய பெர்டினான்டும் நிலமானிய முறையை மீட்டுக் கொண்டுவரவில்லை.

ஸ்பெயின்: உரிமையற்ற முடி

ஸ்பானிய அரச குடும்பத்தில் தந்தை நான்காம் சார்லசுக்கும் மகன் ஏழாம் பெர்டினான்டுக்கும் இருந்த பகையை நெப்போலியன் பயன்படுத்திக்கொண்டார். 1808 மே மாதத் தொடக்கத்தில் இருவரையும் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பயோன் நகருக்கு வரவழைத்து, இருவரையும் முடிதுறக்கச் செய்தார். அதற்குச் சில நாள் முன்னர், மே 2ஆம் நாள், மாட்ரிட் மக்கள் பிரெஞ்சுப் படைக்கு எதிராக எழுந்து, கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தனர். அக்குருதி உலர்வதற்குள், சூன் 6ஆம் நாள், ஜோசப் ஸ்பெயினின் மன்னராக அறிவிக்கப்பட்டார். நேப்பிள்ஸை விட்டுப் புறப்படுமாறு அவருக்கு வந்தது வேண்டுகோளன்று, கட்டளை.

பயோனில் கூட்டப்பட்ட ஸ்பானியப் பேரவைக்கு 150 பேர் அழைக்கப்பட்டனர், அனைவரும் வரவில்லை. அப்பேரவை ஏற்ற அரசமைப்பு, கத்தோலிக்கத்தை நாட்டின் ஒரே சமயமாக ஏற்றது, சித்திரவதையை ஒழித்தது, உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளை நீக்கியது, அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கும் பேராளர் உரிமை அளித்தது. ஜோசப் அசான்சா, உர்கிகோ, கபர்ரூஸ் முதலிய ஸ்பானியர்களையே அமைச்சர்களாகக் கொண்டார். சூலை 20ஆம் நாள் மாட்ரிட் நகருக்குள் நுழைந்த அவரை வெறிச்சோடிய வீதிகளே வரவேற்றன. தமக்கென ஆதரவாளர் எவருமில்லை என அவர் தம்பிக்கு மடல் எழுதினார். அதே வேளையில் தெற்கே பைலேனில் தளபதி துப்போன் தலைமையிலான பிரெஞ்சுப் படை ஸ்பானியரிடம் சரணடைந்தது. தலைநகரில் இரு வாரமும் தங்காமல் ஜோசப் வடக்கே பின்வாங்கினார்.

நவம்பரில் நெப்போலியன் பெரும்படையுடன் நேரில் வந்தார். டிசம்பர் 4ஆம் நாள் மாட்ரிட் வீழ்ந்தது. அன்றே நகருக்கு வெளியே சமார்ட்டின் என்னுமிடத்திலிருந்து அவர் பிறப்பித்த ஆணைகள் சமய விசாரணை மன்றத்தை ஒழித்தன. நிலமானிய உரிமைகளை நீக்கின. மடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. ஸ்பானிய அறிஞர் பலர் நெடுங்காலம் விரும்பிய மாற்றங்கள் இவை. ஆயின் அவ்வாணைகளில் நாட்டின் மன்னருடைய பெயர் இல்லை. குடிமக்கள் எனப்படுவோர் முன்னிலையில் தாம் வெட்கித் தலைகுனிய நேர்ந்ததாகவும் முடியைத் துறக்க விரும்புவதாகவும் ஜோசப் தம்பிக்கு எழுதினார். சில நாள்களில் நெப்போலியன் வெளியிட்ட அறிக்கை இன்னும் வெளிப்படையானது. ஸ்பானியர் உண்மையாக நடந்துகொள்ளாவிடில் தம் தமையனுக்கு வேறோர் அரியணையைத் தந்துவிட்டு, ஸ்பெயினை வென்ற மாநிலமாகவே நடத்தப்போவதாக அதில் அவர் எச்சரித்தார். நாட்டு மன்னர் இடமாற்றத்திற்குரிய அலுவலர் என்பதை உலகறியச் சொன்ன அறிக்கை அது.

நல்லாட்சியும் நகைப்பும்

1809 சனவரியில் மீண்டும் மாட்ரிட் திரும்பிய ஜோசப் ஆட்சிப் பணியில் ஈடுபட்டார். மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் மடங்களையும் பழைய கட்டடங்களையும் இடித்துச் சதுக்கங்கள் அமைத்தார். 1809 டிசம்பரில் ஓவியக் காட்சியகம் ஒன்றை நிறுவ ஆணையிட்டார்; அது அவர் காலத்தில் நிறைவேறவில்லை. எனினும் 1819இல் திறக்கப்பட்ட பிராடோ காட்சியகத்திற்கு அது முன்னோடியான திட்டமாகும். 1810 ஏப்ரலில் நாட்டை 38 நிருவாகப் பிரிவுகளாகப் பகுத்தார்.

மக்கள் இவற்றுக்கு நகைப்பையே விடையாகத் தந்தனர். மதுவகைகள், சீட்டுக்கட்டுகள் ஆகியவற்றின் மீதிருந்த கட்டுப்பாடுகளை அவர் தளர்த்தியதும், அளவாகவே அருந்தும் அவருக்குப் ‘புட்டி ஜோசப்’ என்னும் பொருள்படும் பட்டப்பெயர் நிலைத்தது. சதுக்கங்கள் அமைத்தமைக்காகச் ‘சதுக்க ஜோசப்’ ஆனார். அவர் ஏற்படுத்திய வீரப் பதக்கம், அதன் நிறத்தால் கத்தரிக்காய் எனப்பட்டது. ஓர் அரசு எதைச் செய்தாலும் எள்ளலுக்குள்ளாகுமானால், குறை அச்செயல்களில் இல்லை. அவற்றைச் செய்யும் உரிமையை மக்கள் ஏற்காமையே காரணம் எனக் கொள்ளலாம்.

1810ஆம் ஆண்டின் திருப்பம்

1809 நவம்பரில் ஒகான்யாப் போரில் ஸ்பானியப் படை முறியடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஜோசப் அண்டலூசியா மாநிலத்திற்குள் சென்றார். 1810 பிப்ரவரி 1ஆம் நாள் செவில் நகர் அவருக்கு வாயில் திறந்தது. அங்கும் சுற்றியிருந்த நகரங்களிலும் மக்கள் திரண்டு வரவேற்றனர். ஸ்பெயின் தம்மை ஏற்கத் தொடங்கிவிட்டது என அவர் நம்பியது அப்போதுதான்.

ஒரே வாரத்தில், பிப்ரவரி 8ஆம் நாள், நெப்போலியன் பாரிசிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். காட்டலோனியா, அரகான், நவார், பிஸ்காயா ஆகிய நான்கு பகுதிகளும் இராணுவ ஆட்சிக்கு உட்பட்டன. அவற்றின் ஆளுநர்கள் வரி தண்டிப் படைக்குச் செலவிடவும், பாரிசுக்கு நேராகப் பணியவும் பணிக்கப்பட்டனர். மன்னருக்கு அங்கு ஆணையுமில்லை, வருவாயுமில்லை. ஜோசப் தம் அமைச்சர் அசான்சாவைப் பாரிசுக்கு அனுப்பி முறையிட்டும் பயன் விளையவில்லை. 1811 வேனிலில் தாமே பாரிசு சென்று முடிதுறக்க முன்வந்தார். பொருளுதவி பற்றிய வாக்குறுதிகளுடன் திருப்பி அனுப்பப்பட்டார். 1812 தொடக்கத்தில் காட்டலோனியா பிரான்சின் நிருவாக மாவட்டங்களாகவே பிரிக்கப்பட்டது.

ஓர் அரசனுக்குரிய உறுப்புகளைத் திருக்குறள் ஆறாக வகுக்கும். அவற்றுள் படையும் பொருளும் அரணும் ஜோசப்பிடம் இல்லை. தம்பியின் தளபதிகளிடம் இருந்தன. அவருக்கு எஞ்சியவர்கள் அமைச்சர்களே. 1811, 1812ஆம் ஆண்டுகளில் மாட்ரிட் நகரைக் கொடிய பஞ்சம் தாக்கியபோது, தம் தலைநகர மக்களுக்குப் போதிய உணவளிக்கவும் அவ்வரசால் இயலவில்லை. அப்பஞ்சத்தின் காட்சிகளைக் கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ என்னும் செதுக்கோவியத் தொகுப்பில் காணலாம்.

1812 சூலையில் சலமன்கா அருகே வெலிங்டன் பெற்ற வெற்றியால் ஜோசப் தலைநகரைவிட்டு வெளியேறினார். ஆண்டிறுதியில் திரும்பினாலும் 1813 மார்ச் மாதத்தில் இறுதியாக மாட்ரிட்டை நீங்கினார். சூன் 21ஆம் நாள் விட்டோரியாப் போரில் அவருடைய படை சிதறியது. மன்னர் குதிரையேறித் தப்பினார். அவர் கொண்டுசென்ற பொருள்கள் வெலிங்டனின் படையிடம் சிக்கின. அவற்றுள் ஸ்பானிய அரச ஓவியங்கள் பலவும் இருந்தன. அவற்றைப் பின்னர் ஏழாம் பெர்டினான்ட் வெலிங்டனுக்கே பரிசாக விட்டுவிட்டார். செவில் நகரத்துத் தண்ணீர் விற்பவரை வெலாஸ்கெஸ் தீட்டிய ஓவியம், அவ்வாறு இலண்டனின் ஆப்ஸ்லி மாளிகையை அடைந்தவற்றுள் ஒன்று.

அறிஞர்கள் எதிர்கொண்ட வினா

ஜோசப்பின் ஆட்சி கல்வியாளர்களை ஒரு கடும் வினாவின் முன் நிறுத்தியது. நாம் விரும்பும் சீர்திருத்தத்தை அயலார் கொணர்ந்தால் ஏற்பதா, மறுப்பதா? ஹொவெயானோஸ் அக்காலத்தின் தலைசிறந்த சீர்திருத்தச் சிந்தனையாளர். உள்நாட்டு அமைச்சர் பதவி தேடிவந்தபோது அவர் மறுத்து, எதிர்ப்பரசில் சேர்ந்தார். அவருடைய நண்பரும் கவிஞருமான மெலெந்தெஸ் வல்தெஸ் ஜோசப்பின் பக்கம் நின்றார். நாடகாசிரியர் மொராத்தீன் அரச நூலகராகப் பணியாற்றினார். இவ்விருவரும் நாடிழந்து பிரெஞ்சு மண்ணிலேயே இறந்தனர். ஜோசப்புக்குப் பணியாற்றியோர் ‘பிரெஞ்சு வயப்பட்டோர்’ என இகழப்பட்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எல்லை கடந்தன.

கோயா 1810இல் தீட்டிய மாட்ரிட் நகர உருவக ஓவியம் இவ்வினாவின் சாட்சியாக இன்றும் உள்ளது. அதன் நடுவட்டத்தில் முதலில் ஜோசப்பின் முகம் இருந்தது. ஆட்சி மாற மாற அது அழிக்கப்பட்டு, அரசமைப்பைக் குறிக்கும் சொல்லும் பிறவும் மாறிமாறித் தீட்டப்பட்டன. இன்று அவ்வட்டத்தில் மே 2 என்னும் நாளின் பெயர் உள்ளது. அயல் மன்னரின் முகமிருந்த இடத்தை அவருக்கெதிரான எழுச்சியின் நாள் பிடித்துக்கொண்டது.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. ஜோசப்பை எதிர்த்தோர் காடிஸ் நகரில் 1810 செப்டம்பரில் ஒரு பேரவையைக் கூட்டினர். 1811 ஆகஸ்டில் நிலக்கிழார்களின் நீதி அதிகாரத்தை அப்பேரவை நீக்கியது. 1812 மார்ச் 19ஆம் நாள் அரசமைப்பை அறிவித்தது. அதில் ஒப்பமிட்டோருள் பிலிப்பைன்ஸ் பேராளர் ஒருவரும் உண்டு. 1813 பிப்ரவரியில் சமய விசாரணை மன்றத்தையும் ஒழித்தது. ஜோசப்பின் பக்கம் நடந்தவற்றுள் முதன்மையானவை எதிர்ப்பக்கத்திலும் நடந்தன. எனவே காடிஸில் கூடிய எதிர்ப்பாளர்கள் மறுத்தது சீர்திருத்தத்தை அன்று. அது வந்த வழியை. நேப்பிள்ஸில் அயல் மன்னர் வந்தபோது, சொந்த மன்னர்மீது சீர்திருத்த அறிஞர்களுக்கு வெறுப்பு இருந்தது. ஸ்பெயினிலோ சொந்த மன்னர் சிறைப்பட்டவராக, மக்கள் ஏங்கும் இளவலாக விளங்கினார். அவர் 1814இல் திரும்பிவந்து காடிஸ் அரசமைப்பைக் கிழித்தெறிந்தது வரலாற்றின் கசப்பான பின்னுரை.

ஏனைய உடன்பிறப்புகள்: ஓர் ஒப்பீடு

இந்நிலை ஜோசப்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. மற்றொரு தம்பி லூயி 1806இல் ஒல்லாந்தின் மன்னராக்கப்பட்டார். ஒல்லாந்து மக்களின் வணிக நலன்களுக்கு அவர் செவிசாய்த்தார். நெப்போலியனின் நெருக்குதலால் 1810 சூலையில் முடிதுறந்தார். அந்நாடு பிரான்சுடன் இணைக்கப்பட்டது. இம்மாற்றத்தின் அலை நம் வட்டாரத்தையும் எட்டியது. லூயி அனுப்பிய டாண்டல்ஸ் 1808 முதல் சாவகத்தின் தலைமை ஆளுநராக இருந்தார். அத்தீவு பிரான்சின் கைக்குச் சென்றதால், 1811இல் பிரித்தானியக் கப்பல்கள் மலாக்காவில் ஒன்றுகூடிச் சாவகத்தின்மேல் படையெடுத்தன. அப்படைக்குத் தலைமை தாங்கிய ஆக்மூட்டி சென்னை மாகாணப் படைத்தலைவர். சென்னையிலிருந்து வந்த துருப்புகளும் அதில் இருந்தன. நாகூர் வழி வந்த தமிழ்த் தொடர்புடைய குடும்பத்தவரான அப்துல்லா முன்ஷி, மலாக்காவில் மின்டோ பிரபு வந்திறங்கியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்துள்ளார். ஐரோப்பாவில் ஒரு தமையனும் தம்பியரும் பகிர்ந்துகொண்ட முடிகள், ஆசியத் துறைமுகங்களின் ஆட்சியையும் மாற்றின என்பது மலேசிய மாணவர்க்கு எடுத்துரைக்கத்தக்கது.

ஸ்பானிய அமெரிக்காவிலும் இதே விளைவைக் காணலாம். ஜோசப்பை ஏற்க மறுத்த கராகஸ், புவெனஸ் ஐரிஸ் முதலிய நகரங்கள் 1810இல் பெர்டினான்டின் பெயரால் ஆட்சிக் குழுக்களை அமைத்தன. அவற்றிலிருந்தே விடுதலை இயக்கங்கள் கிளைத்தன.

முடியற்ற வாழ்வு

1814 மார்ச் 30ஆம் நாள் பகைவர் பாரிசை நெருங்கியபோது, அந்நகரின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த ஜோசப், சரணடைவுப் பேச்சுக்கு இசைவளித்துவிட்டு வெளியேறினார். வாட்டர்லூத் தோல்விக்குப் பின், 1815 சூலையில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். சுர்வில்லியே பிரபு என்னும் பெயருடன் நியூ ஜெர்சி மாநிலத்தின் போர்டன்டவுன் ஊரில் நிலம் வாங்கி மாளிகையும் பூங்காவும் அமைத்தார். நூல்களும் ஓவியங்களும் சேர்த்தார். ஸ்பெயினுக்கு வராத மனைவி ஜூலி அமெரிக்காவுக்கும் வரவில்லை.

1820 சனவரியில் அம்மாளிகை தீப்பற்றியபோது, ஊரார் ஓடிவந்து ஓவியங்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் காப்பாற்றி ஒப்படைத்தனர். அவர்களுடைய நேர்மையைப் போற்றி ஜோசப் நன்றி மடல் எழுதினார். அவ்வூராரிடம் அவருக்குப் படையுமில்லை, ஆணையுமில்லை. அண்டை வீட்டார் என்னும் உறவே இருந்தது. பின்னர் ஐரோப்பா திரும்பிய அவர், 1844 சூலை 28ஆம் நாள் பிளாரன்சு நகரில் காலமானார். 1862இல் அவருடைய உடல் பாரிசின் இன்வலீட் வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. தம்பியின் கல்லறைக்கு அருகிலேயே தமையனும் துயில்கிறார்.

முடிவுரை

ஜோசப் போனபார்ட்டின் வாழ்வு மூன்று உண்மைகளைத் தெளிவுறுத்துகிறது. முதலாவது, கொடுத்தவரால் மீட்டுக்கொள்ளப்படக்கூடிய முடி, மக்களின் கண்ணில் முடியாவதில்லை. இரண்டாவது, அயல் ஆட்சியில் வந்த சீர்திருத்தம் நிலைப்பதும் நிலையாமையும், அதற்கு முன்னரே உள்நாட்டில் இருந்த நிலைமையைப் பொறுத்தது. நேப்பிள்ஸையும் ஸ்பெயினையும் ஒருசேர நோக்கும்போது இது விளங்கும். மூன்றாவது, அத்தகைய ஆட்சிக்கு நன்னோக்குடன் துணைநின்ற கற்றோர், ஆட்சி மறைந்தபின் அதன் பழியைச் சுமக்க நேர்கிறது.

ஜோசப் திறமையற்றவர் என்று கூறி இவ்வரலாற்றை முடித்துவிடுவது எளிது. உடன்படிக்கைகள் பலவற்றை முடித்துத் தந்த அவருடைய திறமை ஐயத்திற்கு இடமற்றது. செவில் நகரின் வரவேற்பும் அதற்கு ஒரு வாரம் கழித்து வந்த பாரிசின் ஆணையும் காட்டுவது வேறு. ஸ்பானியர் அவரை ஏற்கக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்த அத்தருணத்திலும், அவரை அரியணையில் அமர்த்திய தம்பி அவரை மன்னராக ஏற்கவில்லை. காலனித்துவ காலத்து மன்னர்களையும் அவர்களை அமர்த்திய பேரரசுகளையும் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், இவ்வரலாற்றை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.